யாருடைய பேய் நடமாடலாம்? கெட்டிஸ்பர்க்கின் இரவு உலாக்களும் பிணம் தோண்டியவர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்பது இறந்தவர்களை முன்னிட்டு நடக்கும் கூட்டம். ஆகவே இன்று இறந்தவர்களை வைத்து நடக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் தொடங்கிய உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை அங்கேதான் நடந்தது. 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாள்கள். செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று எல்லாரையும் சேர்த்து 51,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஊரின் மக்கள்தொகையோ அப்போது ஏறத்தாழ 2,400.

இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் பகலில் போர்க்களத்தையும் நினைவுத் தூண்களையும் பார்க்கிறார்கள். இருட்டியதும் 'பேய் உலா' தொடங்குகிறது. பழங்கால உடை அணிந்த வழிகாட்டி ஒருவர் கையில் விளக்குடன் ஒரு கூட்டத்தைத் தெருத்தெருவாக அழைத்துப்போய்க் கதை சொல்வார். போர்க்களம் தேசியப் பூங்காவாக இருப்பதால் இரவில் மூடிவிடுவார்கள். அதனால் உலா பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நடக்கிறது. இதில் ஒரு எளிய பொருளாதாரமும் உண்டு. பகலில் வந்து பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிவிடும் பயணியால் விடுதிக்காரருக்கு லாபமில்லை. பேய் இரவில்தான் வரும் என்றால் அவர் தங்கியாக வேண்டும், சாப்பிட்டாக வேண்டும்.

பேய்க் கதை அந்த ஊருக்குப் புதிதல்ல. இவர்சன் என்ற தென்படைத் தளபதியின் வட கரோலினா வீரர்கள் வரிசையாகச் சுட்டு வீழ்த்தப்பட்டு, விழுந்த இடத்திலேயே குழிகளில் புதைக்கப்பட்டார்கள். அந்த வயலில் இருட்டிய பிறகு வேலை செய்யக் கூலியாட்கள் மறுத்தார்கள் என்ற பேச்சு பழையது. ஆனால் பேய் ஒரு தொழிலாக மாறியது 1990களில். பூங்காவில் காவலராக முன்பு வேலை பார்த்த மார்க் நெஸ்பிட் 1991இல் 'கோஸ்ட்ஸ் ஆஃப் கெட்டிஸ்பர்க்' என்ற நூலை வெளியிட்டார். 1993இல் போரைப் பற்றிய பெரிய திரைப்படம் வந்தது. 1994இல் நெஸ்பிட்டின் உலா நிறுவனம் தொடங்கியது. பிறகு ஒன்று பலவானது.

அங்கே விற்கும் கதைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். கெட்டிஸ்பர்க் கல்லூரியின் பென்சில்வேனியா மண்டபம் போரின்போது மருத்துவமனையாக இருந்தது. ஓரிரவு இருவர் மின்தூக்கியில் ஏறித் தரைத்தளத்துக்குப் பொத்தானை அழுத்தினார்களாம். அது நிற்காமல் நிலவறைக்கு இறங்கிக் கதவு திறந்தால், இரத்தம் தோய்ந்த மருத்துவர்கள் கைகால்களை அறுத்துக்கொண்டிருந்தார்களாம். இன்னொன்று 'டெவில்ஸ் டென்' பாறைகளில் வெறுங்காலோடு நிற்கும் தொப்பிக்காரன். அங்கே புகைப்படக் கருவிகள் பழுதாகிவிடும் என்பார்கள். (இதே பாறைகளில்தான் அலெக்சாண்டர் கார்ட்னர் என்ற புகைப்படக்காரர் ஒரு வீரனின் பிணத்தைத் தூக்கிவந்து வைத்துப் படமெடுத்தார் என்று பின்னாளில் தெரியவந்தது. அன்று பொய் சொல்ல வைக்கப்பட்ட கருவி இன்று பழுதாகிறது என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.) திரைப்படப் பிடிப்பின்போது துணைநடிகர்களுக்கு ஒரு கிழவர் உண்மையான பழந்தோட்டாக்களைக் கொடுத்துவிட்டு மறைந்தார் என்றும் ஒரு கதை. எல்லாவற்றுக்கும் மேலாக ஜென்னி வேட். இருபது வயதுப் பெண். ஜூலை 3 காலை ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவைத் துளைத்து வந்த குண்டில் இறந்தார். சண்டையில் நேரடியாகக் கொல்லப்பட்ட ஒரே உள்ளூர்க் குடிமகள் அவர். அவர் இறந்த வீடு அருங்காட்சியகம். அங்கேயும் பேய் உண்டு.

இதில் மூடநம்பிக்கையைக் கண்டிப்பது என் வேலையல்ல. அதைப் பகுத்தறிவுத் தோழர்கள் நன்றாகவே செய்வார்கள். பேய் இருக்கிறதா என்ற கேள்வியைவிட, எவருக்குப் பேயாக வர அனுமதி உண்டு என்ற கேள்விதான் சமூகவியல் படித்த எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் எவரி கார்டன் 1997இல் 'கோஸ்ட்லி மேட்டர்ஸ்' என்ற நூலில் பேய்நடமாட்டத்தை ஒரு சமூக நிகழ்வாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தீர்க்கப்படாமல் அமுக்கப்பட்ட வன்முறை தன்னை உணர்த்திக்கொள்ளும் வழி அது என்பது அவர் வாதத்தின் சாரம். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் கெட்டிஸ்பர்க்கில் மிக அதிகமாக நடமாட வேண்டியவர்கள் யார்?

சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத ஒரு செய்தி: போர் நடந்தபோது அந்த ஊரில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். அடிமை மாநிலமான மேரிலாந்தின் எல்லை ஊரிலிருந்து பத்து மைலுக்குள்தான். தப்பி வருகிறவர்களுக்கு அது முதல் சுதந்திர மண். அதே காரணத்தால் ஆள்கடத்திகள் எளிதாக வந்துபோகக்கூடிய மண்ணும்கூட. மார்கரெட் பாம் என்ற சலவைத் தொழிலாளியைப் போருக்கு முன்பே கடத்திப்போய் விற்க முயன்றார்கள்; அவர் அடித்துப் போராடித் தப்பினார். தன் கைகள் கட்டப்பட்டிருந்த விதத்தைக் காட்டி அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஒரு கூலிப்பெண் தனக்கு நேர்ந்த குற்றத்துக்குத் தானே சாட்சியம் தயாரித்து வைத்த படம் அது.

1863 ஜூனில் தளபதி லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது ஆள்கடத்தல் படையின் வேலையாகவே ஆனது. சேம்பர்ஸ்பர்க், மெர்சர்ஸ்பர்க், கிரீன்காசில் ஆகிய ஊர்களில் கண்ணில் பட்ட கறுப்பின மக்களைப் பிடித்தார்கள். தப்பி வந்தவரா, சுதந்திரமாகப் பிறந்தவரா என்று பார்க்கவில்லை. பிடிபட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. தெற்கே ஓட்டிப்போய் அடிமைகளாக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் இப்படிக் கொண்டுபோகப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். சேம்பர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ரேச்சல் கோர்மனி என்ற வெள்ளைப் பெண் தன் நாட்குறிப்பில் மாடுகளை ஓட்டுவது போல அவர்களை ஓட்டிப் போனதை எழுதிவைத்திருக்கிறார்.

கெட்டிஸ்பர்க்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் படை வருமுன்பே ஊரைவிட்டு ஓடினார்கள். எல்லாராலும் ஓட முடியவில்லை. ஆல்பெர்ட்டஸ் மெக்ரியரி என்பவர் போரின்போது சிறுவன். 1909இல் ஒரு பத்திரிகையில் தன் நினைவுகளை எழுதினார். தன் வீட்டைக் கடந்து கறுப்பின ஆண்களும் பெண்களும் அழுதபடி நடத்திச் செல்லப்பட்டதை அதில் சொல்கிறார். அவர் வீட்டில் துணி வெளுத்துவந்த லிஸ் என்ற மூதாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தெருவில் கூட்டம் நெரித்த குழப்பத்தில் லிஸ் நழுவி லுத்தரன் தேவாலயத்துக்குள் புகுந்து மணிக்கூண்டில் ஏறி ஒளிந்துகொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் படை போகும்வரை அங்கேயே கிடந்தார். அவரோடு கொண்டுபோகப்பட்ட மற்றவர்கள் பெரும்பாலும் திரும்பவே இல்லை என்று முடிக்கிறார் மெக்ரியரி.

சேம்பர்ஸ்பர்க் தெருவிலுள்ள கிறைஸ்ட் லுத்தரன் தேவாலயத்தின் படிகளில், முதல் நாள் போரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஹொரேஷியோ ஹோவெல் என்ற பாதிரியாருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். மணிக்கூண்டு என்றாலே பேய்க் கதைக்கு வாய்ப்பான இடம்: இருட்டு, உயரம், கீழே எதிரி, நாள்கணக்கில் அசையாமல் ஒளிந்திருக்கும் ஒரு கிழவி. ஆனால் நான் வாசித்த பேய்க் கதைத் தொகுப்புகள் எதிலும் அவர் வரவில்லை.

அடுத்ததுதான் நம் மக்களுக்கு மிக நெருக்கமான பகுதி. ஆயிரக்கணக்கான பிணங்களும் குதிரைச் சடலங்களும் ஜூலை வெயிலில் கிடந்தன. படைகள் அவசரத்தில் ஒரு முழம், இரண்டு முழம் தோண்டி மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டன. மழை பெய்ததும் கையும் காலும் வெளியே தெரிந்தன. வடபடையின் வீரர்களுக்காகத் தேசியக் கல்லறை அமைக்க முடிவானது. பிணங்களைத் தோண்டியெடுத்து மறுபடி புதைக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். 34 பேர் கேட்டார்கள். ஒரு பிணத்துக்கு 8 டாலரில் தொடங்கி விலை இறங்கிக்கொண்டே வந்தது. 1 டாலர் 59 சென்டுக்குக் கேட்டவருக்கு வேலை கிடைத்தது. அவர் வெள்ளையர். தோண்டியவர்கள் கறுப்பின மக்கள்.

அந்தத் தோண்டும் வேலையை ஏற்று நடத்தியவர் பேசில் பிக்ஸ். மேரிலாந்தில் பிறந்த சுதந்திரக் கறுப்பினத்தவர். தன் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று 1858இல் கெட்டிஸ்பர்க்குக்குக் குடிவந்தவர். குத்தகை விவசாயி, கால்நடை வைத்தியமும் தெரியும். போரில் அவர் குடியிருந்த பண்ணையைத் தென்படை மருத்துவமனையாக்கியது. பயிர், கால்நடை, வீட்டுச் சாமான் எல்லாம் போனது. தன்னை அடிமையாக்க வந்த படையின் பிணங்கள் அவர் வீட்டைச் சுற்றிப் புதைந்துகிடந்தன. பிழைப்புக்கு அவருக்குக் கிடைத்த வேலை பிணம் தோண்டுவது. எட்டுப் பத்துக் கறுப்பினத் தொழிலாளர்களோடு வேலை செய்தார் என்றும், அவருடைய இரட்டைக் குதிரை வண்டியில் ஒரு நடைக்கு ஒன்பது சவப்பெட்டிகள் ஏற்றலாம் என்றும் உள்ளூர்க்காரர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1863 அக்டோபர் கடைசியிலிருந்து 1864 மார்ச் வரை, பனிக்காலம் முழுக்க இந்த வேலை நடந்தது. எடுக்கப்பட்ட உடல்கள் 3,354. சாமுவேல் வீவர் என்ற வெள்ளை மேற்பார்வையாளர் ஒவ்வொரு குழியருகிலும் நின்று, இரும்புக் கொக்கியால் உடுப்பையும் பையையும் துழாவி அடையாளம் தேடினார். எந்த வீரன் எந்த மாநிலத்தான் என்பது அறிக்கையில் உண்டு. தோண்டியவர்களின் கைகளைப் பற்றி அறிக்கை கவலைப்படவில்லை. ஆபிரகாம் லிங்கன் புகழ்பெற்ற உரையை ஆற்றியது நவம்பர் 19. அன்று வேலையில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. மாணவர்கள் அந்த உரையைப் படிக்கும்போது, மேடைக்கு அப்பால் வயல்களில் குழிகள் இன்னும் திறக்கப்படாமல் காத்திருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு வெட்டியான் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ நினைவுக்கு வரக்கூடும். இங்கே அந்த வேலை பிறப்பால் சுமத்தப்பட்டது. அங்கே வறுமையும் நிறவெறியும் சேர்ந்து ஒப்பந்தக் கூலியாக அதைக் கைமாற்றின. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பேய்க் கதை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. நம் ஊர்க் கதையில் நள்ளிரவில் சுடுகாட்டைக் கடப்பவன் பயந்து காய்ச்சலில் விழுவான். அங்கேயே இருந்து பிணம் எரிப்பவன் கதைக்குப் பின்னணியாக மட்டும் நிற்பான். பயப்படும் உரிமைகூட அவனுக்கு இல்லை. அவன் கூலி எவ்வளவு என்று எந்தக் கதையிலும் வராது. கெட்டிஸ்பர்க்கின் பிணங்களை எல்லாரையும்விட அதிகமாகத் தொட்டவர்கள் பிக்ஸின் ஆட்கள். பேயைப் பார்த்தேன் என்று சொல்லும் தகுதி யாருக்காவது இருந்திருந்தால் அவர்களுக்குத்தான் இருந்தது.

இந்த விடுபடல் பேய் உலாக்காரர்கள் செய்த சதி அல்ல. அவர்கள் ஏற்கனவே தயாராக இருந்த ஒரு நினைவை வாங்கி விற்கிறார்கள். அந்த நினைவு 1913 ஜூலைக்குள் முழுதாக உருவாகிவிட்டது. போரின் ஐம்பதாம் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட முதிய வீரர்கள், இரு தரப்பினரும், கெட்டிஸ்பர்க்கில் கூடினார்கள். கைகுலுக்கினார்கள். குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் வந்து, பழைய பகை மறந்தது என்று பேசினார். இரு பக்கமும் வீரம், இரு பக்கமும் தியாகம். எதற்காகச் சண்டை என்ற கேள்வி மரியாதையாக ஒதுக்கிவைக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் 'ரேஸ் அண்ட் ரியூனியன்' நூலில் இந்தச் சமாதானத்தின் விலையை விரிவாகக் காட்டியிருக்கிறார்: வெள்ளையர் இருவர் கைகுலுக்குவதற்காகக் கறுப்பின மக்கள் அந்தப் படத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த விழாவில் கறுப்பினத்தவர் இருந்தார்கள், வேலைக்காரர்களாக. அதே 1913 ஜூலையில்தான் இருபத்திரண்டு வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் வந்து இறங்கினார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

சமாதானக் கதையின் தொடர்ச்சிதான் பேய்க் கதை. பேய்க்குக் கொள்கை கிடையாது. தென்படை வீரனின் ஆவி வந்தால் பாவம், சிறுபையன், அம்மாவைத் தேடுகிறான் என்று கூட்டம் இரங்குகிறது. எதைக் காக்க அந்தச் சிறுபையன் துப்பாக்கி எடுத்தான் என்று கேட்டால் உலாவின் மனநிலை கெட்டுவிடும். கெட்டிஸ்பர்க் சண்டையில் கறுப்பினப் படைப்பிரிவு எதுவும் போரிடவில்லை, அதனால் அவர்கள் ஆவியாக வரவில்லை என்று யாராவது சமாதானம் சொல்லலாம். லீயின் படையோடு ஆயிரக்கணக்கான அடிமைகள் சமையற்காரர்களாகவும் வண்டியோட்டிகளாகவும் வந்திருந்தார்களே. மின்தூக்கிக் கதையில் மருத்துவர் வருகிறார், நோயாளி வருகிறார், இரத்தம் வருகிறது. வாளியைச் சுமந்தவர் வருவதில்லை.

அப்படியானால் கறுப்பினப் பேய்களையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் 2015இல் 'டேல்ஸ் ஃப்ரம் த ஹாண்டட் சவுத்' என்ற நூலுக்காகத் தென் மாநிலங்களின் பேய் உலாக்களில் தானே நடந்து பார்த்தார். சவானா நகரில் ஒரு மாளிகையில் மாலி என்ற அடிமைப் பெண்ணின் பேய் விற்பனையாகிறது. எசமானோடு உறவு, பிறகு தூக்கில் தொங்கிய மரணம் என்று கதை. மைல்ஸ் ஆவணங்களில் தேடியபோது அப்படி ஒருத்தி வாழ்ந்ததற்கான சான்றே கிடைக்கவில்லை. லூசியானாவின் மிர்ட்டில்ஸ் பண்ணையில் விற்கும் குளோயி என்ற பேயும் இதே ரகம். உண்மையில் அங்கே வதைபட்டவர்களின் பெயர்களைத் தேட யாருக்கும் பொறுமையில்லை. கட்டிப்போட்டு வன்புணரப்பட்ட பெண்ணை, எசமானை மயக்கியவளாகவும் பழிவாங்கும் ஆவியாகவும் மாற்றி நுழைவுச்சீட்டு போடுவதற்குப் பொறுமை இருக்கிறது. கெட்டிஸ்பர்க்கில் காணாமற்போனவர்கள் தெற்கில் கேளிக்கையாகித் திரும்புகிறார்கள் என்று சொல்லலாம். நம் மக்களின் வலி திரைப்படத்தில் எப்போது காட்சியாகிறது, எப்போது கதையாகிறது என்று நாம் நடத்திவரும் விவாதத்தை இதனோடு சேர்த்து யோசிக்க மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பேயாக்காமல் நினைவுகூர வழி இருக்கிறது, அதைக் கெட்டிஸ்பர்க்கின் கறுப்பின மக்களே செய்து காட்டினார்கள். லிங்கன் விடுதலை அறிவிப்பின் முன்னறிக்கையை வெளியிட்டது 1862 செப்டம்பரில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பால்டிமோர் நகரத்துக் கறுப்பின மக்கள் செப்டம்பர் மாதத்தில் விடுதலை நாளுக்காகத் தொடர்வண்டிகளில் கூட்டங்கூட்டமாகக் கெட்டிஸ்பர்க் வந்தார்கள். சமைத்து உண்டு, இசைக்குழுவோடு ஊர்வலம் போனார்கள். வெள்ளைப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. போர்க்களத்தை அழுகைக்கான இடமாக மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவ் தூணை நோக்கி நடக்கும் நம் மக்களை நினைத்துப் பாருங்கள். 1818இல் அங்கே செத்த மகர் வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. 1927இல் அம்பேத்கர் அங்கே போனது அந்தப் பெயர்களைத் தேடித்தான். அங்கே யாரும் ஆவி தேடிப் போவதில்லை.

பெயரும் தொகையும் இருக்கும் தாள்களும் கெட்டிஸ்பர்க்கில் உண்டு. ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் பன்னிரண்டு ஏக்கர் நிலம், ஜூலை 3 அன்று தென்படை கடைசியாகப் பாய்ந்து உடைந்துபோன முகட்டிலேயே இருந்தது. மார்கரெட் பாம் வாடகைக்கு இருந்ததும் அவர் பண்ணையில்தான். வீடு துளைக்கப்பட்டது, வேலி எரிந்தது, பயிர் மிதிபட்டது. 1,028 டாலர் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தார். கிடைத்தது 15 டாலர். வேலி எத்தனை, வைக்கோல் எத்தனை என்று எழுதப்பட்ட அந்த வகைக் கோரிக்கைத் தாள்கள்தான் கறுப்பின விவசாயிகளின் வாழ்க்கையை இன்று நமக்குச் சொல்கின்றன. பஞ்சமி நிலத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலகங்களில் அலையும் தோழர்களுக்கு இந்த ஆவணங்களின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிக்ஸ், லாயிட் வாட்ஸ் போன்றவர்கள் 'சன்ஸ் ஆஃப் குட் வில்' என்ற சங்கம் அமைத்தார்கள். வாட்ஸ் கறுப்பினப் படைப்பிரிவில் சார்ஜண்டாக இருந்தவர், ஆசிரியர். வடபடைக்காகப் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்களுக்கு, ஒன்றிரண்டு பேரைத் தவிர, தேசியக் கல்லறையில் இடம் கிடைக்கவில்லை. சங்கம் தன் காசில் நிலம் வாங்கியது. லாங் லேன் என்ற தெருவில் இருக்கும் அந்த இடத்தை இப்போது லிங்கன் கல்லறை என்கிறார்கள். ஏறத்தாழ முப்பது கறுப்பின வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். வாட்ஸ் அங்கேதான். ஆயிரக்கணக்கான வெள்ளை வீரர்களின் தேசியக் கல்லறைக்குப் பிணம் தோண்டிக் கொடுத்த பேசில் பிக்ஸ் 1906இல் இறந்தார். அவரும் அங்கேதான். உள்ளூர்க் கறுப்பின மக்கள் இப்போது தங்கள் வரலாற்றுக்கென்று தனியே நடைப்பயணங்கள் நடத்துகிறார்கள். கையில் பெயர்ப் பட்டியலோடு போகிறார்கள்.